மணலா, மதமா, மன்னனா: சும்ஹுரம் ஏன் வீழ்ந்தது?

ஓமானின் தென்கோடியில், ஸலாலாவிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், தாகா ஊரைத் தாண்டியதும் ஒரு கழி வருகிறது. மலையிலிருந்து இறங்கும் வாதி தர்பாத் என்ற காட்டாறு கடலைத் தொட வேண்டிய இடம் அது. உள்ளூர்ப் பெயர் கோர் ரோரி. முகத்துவாரத்தின் இரு பக்கமும் பாறைமுனைகள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. நடுவே மணல்திட்டு குறுக்காகக் கிடக்கிறது; அதற்கு இந்தப் பக்கம் கழிநீர், அந்தப் பக்கம் அரபிக்கடல். கழியின் கிழக்குக் கரை மேட்டில் சுண்ணாம்புக்கல் மதில்கள் நிற்கின்றன. இதுதான் சும்ஹுரம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஏறத்தாழ 700 ஆண்டுகள், தோஃபார் மலைகளின் குந்திரிக்கம் கப்பலேறிய துறைமுகம்.

இந்த ஊர் ஏன் எழுந்தது, ஏன் அழிந்தது என்பதற்கு மூன்று விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ரோமப் பேரரசு குந்திரிக்கத்துக்கு அலைந்ததால் எழுந்தது, ரோம் கிறிஸ்தவத்துக்கு மாறியதால் அழிந்தது என்பது முதல் விடை. சுற்றுலாக் கையேடுகளிலும் பொது வரலாற்று நூல்களிலும் அதிகம் தென்படுவது இதுவே. முகத்துவாரத்தை மணல் மூடியதால் அழிந்தது என்பது இரண்டாவது. தென்னரேபிய அரசியல் மாறியதால் அழிந்தது என்பது மூன்றாவது. மூன்றும் ஓரளவு உண்மை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. பல கட்டுரைகள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகள் இவற்றைத் தரம் பிரித்துப் பார்க்கப் போதுமானவை. முதல் விடை தேறாது. இரண்டாவது பாதிதான் தேறும். மூன்றாவதும் வழக்கமாகச் சொல்லப்படும் வடிவத்தில் தேறாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. நம் ஊர்க் கடைகளில் சாம்பிராணி என்று விற்பதில் பெரும்பகுதி சுமத்ராப் பக்கத்து மரப்பிசின் வகை. தோஃபாரில் கிடைப்பது வேறு. அரபியில் லுபான், நாட்டுமருந்துக் கடையில் குந்திரிக்கம் என்று கேட்டால் அதன் இனத்தைச் சேர்ந்த பிசின் கிடைக்கும். தோஃபாரின் மரம் ஆளுயரத்துக்குச் சற்று மேலே, அடியிலேயே கிளைபிரிந்து, கல்லும் சரளையுமான தரையில் நிற்கிறது. பட்டையைச் சிறு உளி போன்ற கத்தியால் கைப்பிடி அகலத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். வெட்டுவாயில் பால் துளிர்த்து, வெயிலில் இறுகி, ஓரிரு வாரத்தில் மணி மணியாகத் திரள்கிறது. முதல் சீவலில் வருவது மட்டம். இரண்டாவது, மூன்றாவது சீவல்களில் வருவதே விலைபோகும். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலோர மலைகளைத் தூறலும் மூடுபனியுமாக மூடிவிடும். அந்த ஈரம் நேரடியாக விழாமல், அதன் குளிர்ச்சி மட்டும் எட்டும் மலைக்குப் பின்புறச் சரிவுகளில்தான் உயர்ந்த ரகம் விளைகிறது. அந்த மாதங்களில் கடலும் கொந்தளிக்கும். எந்தக் கப்பலும் கரையை அண்ட முடியாது. விளைச்சலை மழைக்கு முன் திரட்டி, கடல் திறக்கும்வரை ஓரிடத்தில் குவித்துக் காக்க வேண்டும். ஆக, இந்த வணிகத்தின் உயிர் கிட்டங்கியில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்தால்தான் சும்ஹுரத்தின் அமைப்பு புரியும்.

எழுச்சியிலிருந்து தொடங்குவோம். ஜேம்ஸ் தியோடர் பென்ட்டும் அவர் மனைவி மேபலும் 1890-களில் இந்தக் கழியைப் பார்த்து, கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளஸ் சொல்லும் மோஸ்கா துறை இதுதான் என்றார்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்றும் அதை ஏற்கிறார்கள். 1952-இல் வெண்டல் ஃபிலிப்ஸ் தலைமையிலான அமெரிக்கக் குழு, யேமனின் மாரிபிலிருந்து உயிர்தப்பி ஓடிவந்த கையோடு, இங்கே மண்ணைத் தோண்டியது. ஃபிராங்க் ஆல்பிரைட் எழுதிய அறிக்கை 1982-இல்தான் அச்சாயிற்று. நகரம் கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்ற கருத்து அந்தக் காலத்தில் வேரூன்றியது. நகரின் வாயிற்கல்வெட்டில் இருக்கும், தென்னரேபிய அரசான ஹத்ரமௌத்தின் மன்னன் பெயரையும், பெரிப்ளஸ் சொல்லும் எலியாசோஸ் என்ற மன்னனையும் ஒருவராகவே கொண்டார்கள். பெரிப்ளஸ் கி.பி. முதல் நூற்றாண்டு நூல். ஆகவே நகரமும் அந்த நூற்றாண்டு. ரோம் எகிப்தைப் பிடித்தது கி.மு. 30-இல். சில பத்தாண்டுகளில் இங்கே துறைமுகம். கணக்கு அழகாகப் பொருந்தியது.

பொருந்தியது என்பதாலேயே நெடுங்காலம் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஹத்ரமௌத் அரச வரிசையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். பெயர் ஒற்றுமையை வைத்துக் காலம் கணிப்பது பலவீனமான முறை. 1990-களின் இறுதியிலிருந்து பீசா பல்கலைக்கழகத்தின் இத்தாலியக் குழு, அலெஸாந்திரா அவன்ஸீனி தலைமையில், அடுக்கடுக்காக மண்ணை எடுத்துப் பார்த்தது. அடித்தள அடுக்குகள் கி.மு. 3-ஆம் நூற்றாண்டுவரை போயின. அப்போது ரோம் கார்தேஜோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது; செங்கடல் பக்கம் அதற்கு நிழல்கூட இல்லை. ரோமின் தேவையால் நகரம் எழுந்தது என்ற வாதம் இந்த ஒரு காலக்கணிப்பிலேயே விழுந்துவிடுகிறது. ரோமப் பணம் பின்னால் வந்து நகரத்தைக் கொழுக்கவைத்திருக்கலாம். கொழுக்கவைத்தது வேறு, பெற்றெடுத்தது வேறு.

பெற்றெடுத்தது யார் என்பதை நகரமே சொல்கிறது. மதிலுக்குள் இருக்கும் பரப்பு ஏறத்தாழ ஒரு ஹெக்டேர்தான். இரண்டரை ஏக்கர். நம் ஊர்ப் பெரிய கோயில் ஒன்றின் பிராகாரங்களுக்குள் இந்த ஊர் முழுவதும் அடங்கிவிடும். "செல்வம் கொழித்த மாநகர்" என்று எழுதுகிறவர்கள் இந்த அளவைச் சொல்வதே இல்லை. அந்தச் சிறு பரப்பைச் சுற்றி இரண்டரை மீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் மதில். வடபக்கத்து வாயில் நேராக உள்ளே விடாது. ஏறி, வளைந்து, அடுத்தடுத்த கதவுகளைத் தாண்டி, இரு பக்கமும் சுவர் நெருக்கும் ஒடுக்கமான பாதையில் போக வேண்டும். மூட்டை சுமந்து வருகிறவன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றுதான் ஆக வேண்டும். அந்தப் பாதையின் சுவரில்தான் கல்வெட்டுகள் பதித்திருக்கின்றன. ஹத்ரமௌத் மன்னனின் பணியாள், தலைநகர் ஷப்வாவிலிருந்து வந்தவர்களைக்கொண்டு, சாகலன் நாட்டில் இந்த ஊரைக் கட்டினான் என்பது அவற்றின் சாரம். வாயிலைத் தாண்டியதும் கிட்டங்கிகள், கிணறு, ஹத்ரமௌத் அரசின் தெய்வமான சின்னுக்குக் கோயில்.

ஷப்வா இங்கிருந்து மேற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, பாலைவன விளிம்பில் இருந்தது. தோஃபாரின் மண்ணின் மைந்தர்கள் வேறு மக்கள். முகத்துவாரத்துப் பாறைமுனையின்மேல் சும்ஹுரம் எழும்முன்பே அவர்களுடைய குடியிருப்பு இருந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது. கல்வெட்டின் மொழி அவர்களுடையதல்ல, கோயிலின் தெய்வம் அவர்களுடையதல்ல. கட்டியவர்கள் அயலூரார். சந்தையும் குடியிருப்பும் மெல்ல வளர்ந்து ஊரான கதை இதில்லை. தொலைதூர அரசு ஒன்று திட்டமிட்டு, ஆள் அனுப்பி, பூட்டுச்சாவியோடு கட்டிய அரண். நகரம் என்று அழைப்பதைவிடக் கோட்டைக் கிட்டங்கி என்று அழைப்பது உண்மைக்கு நெருக்கம்.

பெரிப்ளஸ் ஆசிரியரும் இதையே வெளியாள் கண்ணால் பார்த்துச் சொல்கிறார். மோஸ்காவில் குந்திரிக்கம் காவலின்றிக் குவிந்து கிடக்குமாம், தெய்வமே காக்கிறது என்று ஜனங்கள் நம்புவார்களாம். ஆனால் மன்னனின் அனுமதி இல்லாமல் ஒரு மணியளவு ஏற்றினாலும் அந்தக் கப்பல் துறையைவிட்டு நகர முடியாதாம். தெய்வத்தின் பாதுகாப்பு என்ற பேச்சுக்குப் பின்னால் அரசனின் எழுத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மலையில் பிசின் சேர்ப்பவர்கள் மன்னனின் அடிமைகளும் தண்டனை பெற்றவர்களும் என்றும் அந்நூல் சொல்கிறது. வரலாற்று மலர்களில் வரும் நறுமணக் கதைகளுக்கு அடியில் இந்த உழைப்பும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுச்சியைக் கொண்டாடுவது எனக்கு உவப்பில்லை. ரோமின் பிளினி தரைவழியின் விவரம் தருகிறார். ஷப்வாவில் சரக்கு நுழைய ஒரே வாயில்தான். நெடுவழியைவிட்டு விலகும் ஒட்டகக்காரனுக்கு மரண தண்டனை. தெய்வத்துக்குப் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்ட பிறகே விற்பனை. காஸா வரை ஓர் ஒட்டகத்துக்கு ஆகும் செலவு 688 தெனாரி. முதல்தரக் குந்திரிக்கம் பவுண்டு 6 தெனாரி. நீரோ தன் மனைவி பொப்பேயாவின் ஈமச்சடங்கில் எரித்த அளவுக்கு அரேபியா ஓராண்டில் விளைவிக்காது என்றும் எழுதுகிறார். கடைசிச் செய்தியில் மிகைப்படுத்தல் கலந்திருக்கும். வாயில், வழி, பங்கு பற்றிய செய்திகள் சும்ஹுரத்தின் கல்லோடு ஒத்துப்போகின்றன.

சரக்கைச் சும்ஹுரத்திலிருந்து கடல்வழியாகக் கானே துறைக்கு அனுப்பி, அங்கிருந்து ஷப்வாவுக்கு ஏற்றுவது ஹத்ரமௌத் அரசுக்கு லாபமான வழி. கானே இன்றைய யேமனின் பீர் அலி கடற்கரை. சும்ஹுரத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பாதை முழுக்க அரசின் கையில் இருந்தது. அண்டை அரசுகளான சபாவும் கதபானும் தரைவழியில் கைவைக்கலாம், கடல்வழியில் முடியாது. சும்ஹுரம் எழுந்த காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. மரம் தோஃபார் எங்கும் இருக்கிறது. கப்பல் நிற்கத் தக்க விரிகுடாக்களும் கழிகளும் இந்தக் கரையில் பல. எங்கிருந்தும் ஏற்றக்கூடிய பொருளை ஓரிடத்திலிருந்து மட்டுமே ஏற்ற வேண்டும் என்ற அரசாணைதான் இந்த மேட்டை ஊராக்கியது.

நம்மைத் தொடும் செய்தி இங்கே வருகிறது. லிமிரிகேயிலிருந்தும் பரூச்சிலிருந்தும் வரும் கப்பல்கள், பருவம் தவறிவிட்டால் மோஸ்காவில் குளிர்காலத்தைக் கழித்து, அரச அலுவலரோடு பேசி, துணியும் தானியமும் எண்ணெயும் கொடுத்துக் குந்திரிக்கம் பெறும் என்று பெரிப்ளஸ் சொல்கிறது. லிமிரிகே என்பது முசிறி உள்ளிட்ட அன்றைய தமிழகத்து மேற்குக் கரை. மண்ணும் இதை உறுதி செய்கிறது. இந்திய மண்பாண்டங்கள் இங்கே குறைவின்றிக் கிடைத்தன, அவற்றில் சமையல் பானைகளும் உண்டு. அமெரிக்கக் குழு வெண்கலத்தில் செய்த ஓர் இந்தியப் பெண் சிற்பத்தின் உடைந்த பகுதியை எடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடைந்த பானையின் தோள்பகுதியை மூடியாகத் தேய்த்துப் பயன்படுத்திய ஓர் ஓடு. அதில் தமிழ் பிராமி எழுத்தில் "ணந்தை கீரன்" என்று கீறியிருக்கிறது. காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. 2012-இல் இது செய்தியாக வெளிவந்தபோது தமிழுலகம் மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சி இருக்கட்டும், சான்றின் எடையையும் பார்க்க வேண்டும். எகிப்தின் குசேர் அல்காதிமில் கணன், சாதன் என்ற பெயர்களும், பெரெனிகேயில் கொற்பூமான் என்ற பெயரும் பானையோடுகளில் கிடைத்தன. இவை எல்லாம் தனி ஆட்களின் பெயர்கள். தன் பானை தன்னுடையது என்று குறித்துக்கொண்டவர்களின் கீறல்கள். மூடியாகத் தேய்த்துப் புழங்கிய ஓடு என்பது முக்கியம். விற்பனைச் சரக்காக வந்திறங்கி உடைந்த பானையாக இருந்தால் இப்படி மறுவாழ்வு பெற்றிருக்கும் என்பது நிச்சயமில்லை. அன்றாடம் புழங்கும் பொருளாகவே இது தெரிகிறது. ஆகவே கீரன் போன்ற ஒருவர், பருவம் மாறும்வரை இங்கே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டிருப்பார் என்று கொள்வதில் தவறில்லை. இதற்கு மேலே போய் "தமிழர் குடியேற்றம்", "தமிழர் துறைமுகம்" என்று முழங்குவதற்கு இந்த ஓடு தாங்காது. ஆணை ஷப்வாவினுடையது, கிட்டங்கி ஷப்வாவினுடையது. கீரன் விருந்தாளி. அப்படிச் சொல்வதில் நமக்கு எந்தக் குறைவும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவன் அரபிக்கடலைத் தாண்டிப் பேரம் பேசித் திரும்பினான் என்பதே போதுமான பெருமை.

இனி வீழ்ச்சி. ரோம் கிறிஸ்தவத்துக்கு மாறியதால் தேவை செத்தது என்ற வாதத்தைப் பார்ப்போம். பலிபீடங்களில் தூபம் போடுவதைப் பேரரசர் தியோடோசியஸ் கி.பி. 391, 392 ஆணைகளால் தடை செய்தார். சும்ஹுரம் கைவிடப்பட்டது 5-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில். தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் காரண காரியம்போல் தோன்றுகிறது. இரண்டு சாட்சிகள் இதைக் கலைக்கின்றன. கிறிஸ்தவர்களின் எழுத்து முதல் சாட்சி; கார்தேஜின் தெர்துல்லியன் கி.பி. 197 வாக்கில் எழுதியது அதில் ஒன்று. நாங்கள் கோயிலுக்குத் தூபம் வாங்குவதில்லை என்று அரேபியா வருத்தப்பட வேண்டாம், எங்கள் பிணங்களை அடக்கம் செய்ய அதைவிட அதிகமாகவே வாங்குகிறோம் என்கிறார் அந்தக் கிறிஸ்தவர். 380-களில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண்மணி, உயிர்த்தெழுதல் ஆலயத்துக்குள் தூபக்கலசங்கள் போவதையும் ஆலயம் முழுதும் மணப்பதையும் எழுதியிருக்கிறார். தடை வருமுன்பே தேவாலயம் தூபத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

இரண்டாவது சாட்சி இன்னும் வலுவானது: கானே. அதே அரசு, அதே பொருள், அதே வாடிக்கையாளர். சோவியத்–யேமன் குழுவும் பின்னர் ரஷ்யக் குழுவும் அங்கே நடத்திய அகழாய்வில், தீயில் கருகிய குந்திரிக்கத்தோடு பண்டகசாலையே கிடைத்தது. அந்தத் துறைமுகம் 6-ஆம் நூற்றாண்டைக் கடந்தும் இயங்கியது. செங்கடல் முனையின் அயிலாவிலிருந்து வந்த ஜாடிகள் பிற்கால அடுக்குகளில் நிறைய. தேவை செத்திருந்தால் இரண்டு துறைகளும் ஒன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று மூடியபின் மற்றது நூறாண்டுக்கும் மேலாக நடந்தது. ரோம் மதம் மாறியது சும்ஹுரத்தின் முடிவுக்குக் காரணமல்ல. தேவை குறைந்து விலை தளர்ந்திருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். விலைத் தளர்ச்சி ஒரு துறையை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்லாது.

மணலுக்கு வருவோம். இன்று கண்ணுக்கு எதிரே கிடக்கும் சான்று இது என்பதால் இதற்கு எப்போதும் வாக்கு அதிகம். பருவக்காற்றுக் காலத்தில் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டும். வாதியின் வெள்ளம் அதை உடைக்கும். மேட்டிலிருந்து வண்டல் இறங்கிக் கழியை மேடாக்கும். எது மேலோங்குகிறதோ அதைப் பொறுத்து முகத்துவாரம் திறக்கும் அல்லது மூடும். காலப்போக்கில் மணல் வென்றது என்பதில் ஐயமில்லை. கப்பல் உள்ளே வந்து நிற்க முடியாத துறைமுகத்துக்கு வேலையும் இல்லை.

ஆனால் மணல் ஓரிடத்தை அழிக்கும், தொழிலை அழிக்காது. தூர்ந்த துறைக்குப் பதிலாகப் பக்கத்தில் வேறு துறை எழுவது கடற்கரை வரலாற்றில் வழக்கம். தாகாவும் மிர்பாத்தும் இதே கரையில்தான் இருக்கின்றன. மணல் மட்டுமே காரணம் என்றால், பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மதில், இன்னொரு வளைந்த வாயில், இன்னொரு சின் கோயில் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. தோஃபாரில் அடுத்த பெருந்துறையான அல்பலீத் செழித்தது 10-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு. இடையில் 500 ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளிதான் மணல் வாதத்தை உடைக்கிறது. மாற்றுத் துறை கட்ட வேண்டும் என்று நினைக்க ஆளில்லாமல் போயிருக்கிறது. யார் அந்த ஆள்?

கி.பி. 225 வாக்கில் சபா மன்னன் ஷாஇர் அவ்தர் ஹத்ரமௌத்மேல் படையெடுத்தான். மன்னன் இல்அஸ் யலுத் சிறைப்பட்டான். ஷப்வாவின் அரண்மனை எரிந்ததை ஃபிரெஞ்சு அகழாய்வு காட்டியது. இதே இல்அஸ் யலுத் ஷப்வாவுக்கு அருகே அல்உக்லா பாறையில் நடத்திய விழாவில் பல்மைராக்காரர், கல்தேயர், இந்தியர் ஆகியோர் விருந்தினராக இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அவ்வளவு தொடர்புகள் கொண்ட அரசு அது. கி.பி. 300-ஐ ஒட்டி ஹிம்யர் மன்னன் ஷம்மர் யுஹர்இஷ் ஹத்ரமௌத்தை முழுதாக விழுங்கி, தன் பட்டப்பெயரில் அதையும் சேர்த்துக்கொண்டான்.

அரசியல் வாதம் பேசுகிறவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள்: அரசு விழுந்தது, துறைமுகமும் விழுந்தது. கணக்கைச் சரிபார்த்தால் இடறுகிறது. 300-இல் அரசு போனது. சும்ஹுரம் மேலும் நூறாண்டுக்குக் குறையாமல் நடந்தது. தலை வெட்டப்பட்டு நூறாண்டு கழித்தா உடல் சாயும்? இந்த இடைவெளிக்கு விளக்கம் தராமல் மூன்றாவது விடையை ஏற்க முடியாது.

விளக்கம் இருக்கிறது, அது அரசும் தெய்வமும் சேர்ந்து இயங்கிய முறையில் இருக்கிறது. வென்றவன் ஓடுகிற வண்டியை நிறுத்துவதில்லை. ஹிம்யர் அரசு கானேயை வைத்துக்கொண்டது. சும்ஹுரத்தையும் கொஞ்சகாலம் பழைய தடத்திலேயே ஓடவிட்டது. ஆனால் ஹிம்யரின் தலைநகர் ஸஃபார் யேமன் மேட்டுநிலத்தில் இருந்தது. அதன் முகம் செங்கடல் பக்கமும் ஏதென் பக்கமும். கானே அதற்குத் தேவையான துறை. 700 கிலோமீட்டர் தள்ளியிருந்த சும்ஹுரம் தேவையில்லாத புறக்காவல். பிசின் ஷப்வா வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் ஷப்வாவின் மன்னனுக்கு இருந்தது, ஹிம்யருக்கு இல்லை. கட்டாயம் தளர்ந்தால் மலைவாசிகள் எந்தக் கடற்கரையிலும் எந்தப் படகிலும் ஏற்றலாம். சாவி இருந்தும் பூட்டுக்கு வேலை இல்லாத நிலை.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. கி.பி. 380 வாக்கில், மல்கிகரிப் யுஹமின் காலத்தில், ஹிம்யர் அரசவை பழைய தெய்வங்களைக் கைவிட்டு ஒரே கடவுள் வழிபாட்டுக்கு, யூத மதத்தின் பக்கமாக, மாறியது. கல்வெட்டுகளிலிருந்து பழைய தெய்வங்களின் பெயர்கள் மறைகின்றன, கோயில்கள் வெறிச்சோடுகின்றன. சும்ஹுரத்தில் சின் கோயில் ஓர் அலங்காரமில்லை. பிளினி சொன்ன பத்தில் ஒரு பங்கு தெய்வத்தின் பேரால்தான் எடுக்கப்பட்டது. காவலின்றிக் கிடந்த குவியலைத் தெய்வத்தின் பேரைச் சொல்லித்தான் காத்தார்கள். அந்தத் தெய்வத்துக்கு அரசவையில் ஆதரவு அற்றுப்போனதும் பங்கு வசூலிக்கவும், குவியலைக் காக்கவும், அடைபட்ட முகத்துவாரத்தைத் திறந்துவைக்கவும் ஆளுமில்லை, பணமுமில்லை. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் சும்ஹுரம் வெறுமையாகிறது. ஷப்வாவும் அதே 5-ஆம் நூற்றாண்டில் அணைந்துபோகிறது. தாய் ஊரும் சேய்த் துறையும் ஒரே நூற்றாண்டில் மறைவதைத் தற்செயல் என்று நான் கொள்ளமாட்டேன். மதம் இந்த வீழ்ச்சியில் பங்கெடுத்தது உண்மை. தேடியவர்கள் அதை ரோமில் தேடினார்கள், அது யேமன் மலையில் நடந்தது.

குந்திரிக்கம் மட்டும் ஓயவில்லை. 1225-இல் சீனத்தின் சாவ் ருகுவா எழுதிய வணிக நூல் மிர்பாத், ஷிஹ்ர், தோஃபார் ஆகியவற்றைக் குந்திரிக்கம் வரும் இடங்களாகச் சொல்கிறது. 1974-இல் சுவான்சோ விரிகுடாச் சேற்றிலிருந்து அகழ்ந்தெடுத்த 13-ஆம் நூற்றாண்டுக் கப்பலில் அந்தப் பிசின் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா தோஃபாரில் வெற்றிலையும் தென்னையும் கண்டு வியந்து, குதிரைகள் இந்தியாவுக்குக் கப்பலேறுவதை எழுதினார். அல்பலீத்தின் சந்தையில் பல நாட்டார் பல சரக்கு விற்றார்கள். ஒரு மன்னனின் ஒற்றைப் பூட்டை நம்பி அது நிற்கவில்லை. சும்ஹுரம் நின்றது அப்படியொரு பூட்டை நம்பித்தான்.

இடையே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1992-இல் செயற்கைக்கோள் படங்களின் துணையோடு பாலைவனத்து ஷிஸ்ரில் "மணலில் மூழ்கிய உபார் நகரம்" கிடைத்துவிட்டதாக உலகச் செய்தித்தாள்கள் கொண்டாடின. அந்த அகழாய்வை நடத்திய ஜூரிஸ் ஸாரின்ஸே பின்னர் உபார் என்பது நகரின் பெயரல்ல, ஒரு நிலப்பகுதியின் பெயர் என்று சொன்னார். ஷிஸ்ரில் இருப்பது பாலைவழியில் ஒரு சிறு கோட்டையும் கிணறும். தன் பெயரைத் தன் வாயிற்சுவரிலேயே பொறித்துவைத்திருக்கும் சும்ஹுரத்துக்கு அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. 2000-இல் யுனெஸ்கோ இரண்டையும் ஒரே பட்டியலில், குந்திரிக்க நிலம் என்ற தொகுப்பில், வாதி தௌக்காவோடும் அல்பலீத்தோடும் சேர்த்தது. பட்டியலில் சமம், சான்றில் சமமில்லை.

என் தீர்ப்பில் எது ஆட்டம் காணக்கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழியின் படிவுகள், முகத்துவாரம் கி.பி. 300-க்கு முன்பே நிலையாக அடைபட்டதாக ஐயமறக் காட்டுமானால், மணலுக்கு முதலிடம் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அப்படி அடைபட்ட துறையில் இன்னும் நூறாண்டு மக்கள் எதற்காக இருந்தார்கள் என்ற கேள்விக்கு அந்த வாதம் விடை சொல்லியாக வேண்டும். அதுவரை வரிசை இதுதான்: முதல் காரணம் ஷப்வாவின் மன்னனும் தெய்வமும் சேர்ந்து நடத்திய தனியுரிமை கலைந்தது, இரண்டாவது மணல். ரோமின் மதமாற்றத்துக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.